பாவாயம்மாவின் இடது கை

உங்கள் ஃபைல்களைப் புரட்டும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிற இரண்டு வார்த்தை உண்டு. ‘ஒத்துழைப்பு குறைவு.’ சொன்ன பயிற்சியைச் செய்யவில்லையா, எழுது ஒத்துழைப்பு குறைவு. அழுதாரா, எழுது. வேண்டாம் என்று தலையாட்டினாரா, அதற்கும் அதுவே. ரிட்டயர் ஆனவளுக்கு வேறு வேலை இல்லை, வந்து உட்கார்ந்து ஃபைலை நோண்டுகிறாள் என்று நீங்கள் முணுமுணுப்பது என் காதில் விழாமல் இல்லை. முணுமுணுத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு வார்த்தையை நானும் ஒருமுறை எழுதினேன். எழுதிய பத்தாம் நாள் ஒரு மனுஷி என்னால் செத்திருப்பாள். இன்றைக்கு அதைச் சொல்லிவிடுகிறேன், கேளுங்கள்.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் போகிற வழியில், கோழிப்பண்ணைகளுக்கு நடுவே அந்த வீடு. அப்போது ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போய் நோயாளிகளுக்குக் கை கால் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். பாவாயம்மாவுக்கு அறுபத்து நாலு வயது. பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பி மூன்று வாரம் ஆகியிருந்தது. டிஸ்சார்ஜ் தாளில் ‘இடது பக்கம் பலவீனம்’ என்று போட்டிருந்தார்கள். வீட்டுக்காரர் பழனியப்பனுக்குச் சர்க்கரையில் இரண்டு கண்ணும் போய்விட்டது. சோறு போடுவது, குளிக்க வைப்பது, சட்டை மாட்டிவிடுவது எல்லாம் பாவாயம்மா கையால்தான். பெரிய மகன் முருகேசன் மனைவியோடு அதே வீட்டில் இருந்தான். சின்ன மகனுக்குத் திருச்செங்கோட்டில் போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் வேலை.

முதல் நாள் போனபோது பாவாயம்மா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இடது கை கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தது. என்ன பிடி என்கிறீர்கள்! விரல் மூட்டெல்லாம் வெளுத்துக் கிடந்தது.

“கையை விடுங்கம்மா, பார்க்கலாம்” என்றேன்.

“நா புடிக்கலீங்க சாமி.”

“பின்ன யார் பிடிச்சிருக்கிறது?”

வலது கையை நீட்டி, பக்கத்து வீட்டு ஆட்டைக் காட்டுகிற மாதிரி இடது கையைக் காட்டினார். “அதுதானுங்க. இது எங் கை இல்லீங்க. ஆசுபத்திரியில மாத்திக் குடுத்துட்டாங்களோ என்னமோ.”

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பிடி தானாக விட்டது. ஆள்காட்டி விரல் நகம் சட்டத்தை மெல்லத் தட்டியது. டொக், டொக். கொஞ்சம் நின்றது, எதையோ கேட்கிற மாதிரி. மறுபடி டொக், டொக். பாவாயம்மா என் முகத்தைப் பார்த்து வீட்டுக்காரரின் சர்க்கரை மாத்திரை பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கையில் என்ன நடக்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை. நான் அதை நடுக்கம் என்று எழுதிக்கொண்டேன்.

மூன்றாவது தடவை போனது ஒரு வெள்ளிக்கிழமை. பாவாயம்மா குளித்துவிட்டுக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து வலது கையால் நெற்றியில் குங்குமம் வைத்தார். இடது கை மேலே வந்து அதை அழித்தது. மறுபடி வைத்தார். மறுபடி அழித்தது. மூன்றாவது தடவையும் வைத்தார், அதுவும் போயிற்று. அவசரமே இல்லை அந்தக் கைக்கு. சிலேட்டைத் துடைப்பது போல நிதானமாகத் துடைத்தது. மருமகளின் முகம் செத்துப்போய்விட்டது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமனாரைத் திரும்பிப் பார்த்தாள். அவருக்கு எதுவும் தெரியாது, ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்.

“அவருக்குன்னு தண்ணி ஊத்துனாலும் கொட்டிக் கவுத்துடுதுங்க” என்று என் காதோடு சொன்னாள். “மாமாவக் கண்டா அதுக்கு ஆகலைன்னு ஊருக்குள்ள பேசிக்கறாங்க. தாலியறுக்க வந்த கையின்னு.”

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? “அம்மிணி, அதெல்லாம் நரம்புக் கோளாறு, பேசாம இரு” என்று அதட்டினேன். அதட்டினேனே தவிர, உடம்பு எனக்கும் சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்பை மதித்திருந்தால் நின்று யோசித்திருப்பேன். என்ன செய்வது, அந்த மாதம் எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது.

சேலத்தில் இரண்டு நாள் பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு வந்திருந்தேன். உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். பக்கவாதம் வந்தவர் எல்லா வேலையும் நல்ல கையாலேயே செய்துகொள்வார். செயலிழந்த கைக்கு வேலை இல்லாததால் மூளையில் அதற்கிருந்த இடமும் மெல்லப் போய்விடும். ஆள் நடக்காத தடத்தில் முள் முளைக்கிற மாதிரி. அதனால் நல்ல கையைக் கட்டிப் போடு, மற்றதை வேலை வாங்கு, மூளை அந்த இடத்தைத் திரும்பப் பிடிக்கும். பொய்யில்லை இது. அறுபது எழுபது வயதுக்காரர்களுக்குக்கூடக் கை திரும்பி வந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்று கேட்கிற மகன்களை வாயடைக்க வைத்திருக்கிறேன். ஆனால் காமாலைக்காரனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். அந்த மாதம் எனக்கு எல்லாக் கையும் கட்ட வேண்டிய கையாகவே தெரிந்தது.

அந்த முறை பலமில்லாத கைக்கு உரியது. பாவாயம்மாவின் இடது கையில் பலத்துக்குக் குறைவே இல்லை. சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். பலம் இருந்து பேச்சுக் கேட்காத ஒன்றை, அடக்குகிறவரைக் கட்டிப்போட்டுவிட்டு அவிழ்த்துவிடலாமா? பிள்ளை வளர்த்தவளுக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியவில்லை.

வலது கைக்குத் துணிப்பை மாதிரி ஒன்றைத் தைத்துக்கொண்டு வந்து, கழுத்தோடு தூளி கட்டப் போனேன். பாவாயம்மா அந்தக் கையால் என் புடவையைப் பிடித்துக்கொண்டார்.

“சாமி, இந்தக் கையக் கட்டாதீங்க. இது ஒண்ணுதானுங்க என்னையக் காப்பாத்துது.”

இது ஒன்றுதான் என்னைக் காப்பாற்றுகிறது. இதைவிட விளக்கமாக ஒரு நோயாளி எப்படிச் சொல்ல முடியும்? நான் கட்டி முடித்துவிட்டு, ஃபைலை எடுத்து அந்த இரண்டு வார்த்தையை எழுதினேன். மருமகளைக் கூப்பிட்டு, “தினம் மத்தியானம் ரெண்டு மணி நேரம். கெஞ்சினாலும் அவுக்காதே” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

பத்தாம் நாள் மத்தியானம் முருகேசன் போன் பண்ணினான். “டாக்டரம்மா, ஊட்டுக்கு வாங்க.” அவ்வளவுதான் சொன்னான். அந்தக் குரலில் மரியாதை இருந்தது, ஈரம் இல்லை.

போய்ப் பார்த்தால் பாவாயம்மா சுவரில் சாய்ந்து கிடக்கிறார். கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு தடம். பழனியப்பன்தான் நடந்ததைச் சொன்னார்.

மருமகள் பின்னால் துணி காயப்போடப் போயிருந்தாள். இந்தக் கை தாலிக்கயிற்றைப் பிடித்து முறுக்க ஆரம்பித்திருக்கிறது. வலது கை தூளிக்குள்ளே. கூப்பிடக் குரல் வரவில்லை.

“மூச்சு இளுக்கற சத்தம் கேட்டுச்சுங்க” என்றார். “தடவித் தடவிப் போனேன். விரலப் பிரிச்சுப் பாத்தேன், பிரியலீங்க, இரும்பாட்ட இருந்துச்சு. கயிறு களுத்துல பொதஞ்சு கெடக்குது. கத்திரியெல்லாம் எங்கிருக்குன்னு எனக்கென்ன தெரியும்? கடிச்சுட்டனுங்க.”

கட்டின தாலியை அவரே பல்லால் கடித்து அறுத்திருக்கிறார். ஆடி வந்தால் மாற்ற வேண்டிய பழங்கயிறு, அதனால் பிழைத்தார். தாலியை அவர் தன் சட்டைப் பையில் போட்டு வைத்திருந்தார். பேசும்போதெல்லாம் அவர் கை அந்தப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது.

முருகேசன் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டவில்லை. “கெஞ்சினாலும் அவுக்காதேன்னு சொன்னீங்களாமா” என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல? சின்ன மகன் அன்று சாயங்காலமே வந்துவிட்டான். அவன் முடிவு செய்துகொண்டே வந்திருந்தான்.

“அண்ணா, நீ அம்மாவ வெச்சுக்க. அப்பாவ நா திருச்செங்கோட்டுக்குக் கூட்டிட்டுப் போயிர்றேன். கண்ணுத் தெரியாத மனுசன், இதோட ஒரே ரூமுல எப்படி உடறது?”

“என்னைய எதுக்குடா மூட்டை கட்டறீங்க?” என்று கிழவர் கத்தினார். “என் பொஞ்சாதி கை என்னைய என்னடா பண்ணும்?”

“அம்மா கை இல்லீங்கப்பா அது.”

மகனே சொல்லிவிட்டான். பாவாயம்மா அழவில்லை. “கூட்டிட்டுப் போகட்டுமுங்க. எனக்கே அது பக்கத்துல படுக்கப் பயமாத்தான் இருக்குது” என்றார். நாற்பது வருஷத்துக்கு மேல் ஒன்றாக இருந்தவர்களை, உயிரோடு இருக்கும்போதே என் இரண்டு மணி நேரப் பயிற்சி பிரிக்க இருந்தது.

நான் கேஸை விட்டுவிட்டு ஓடியிருக்கலாம். அவர்களும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். மூளை நரம்பு டாக்டருக்குப் போன் போட்டு நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு விளக்கினார். மூளையின் இரண்டு பாதிக்கும் நடுவில் ஒரு பாலம் உண்டு. இவருக்கு அடைப்பு வந்தது அங்கேதான். இடது பாதிதான் பேசுகிற பாதி, இடது கையை நடத்துவது வலது பாதி. பாலம் போய்விட்டால் அந்தக் கை என்ன செய்யப்போகிறது என்று பேசுகிற பாதிக்குச் சேதி வராது. அப்படியென்றால் கையில் இருப்பது யார் என்று கேட்டேன். “அதுவும் அவங்கதான்” என்றார். “வாய் இல்லாத அவங்க.” போனை வைத்த பிறகு ரொம்ப நேரம் என் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் முதல் வேலையில் எனக்கு மேலே இருந்த அம்மா ஒருவர் அடிக்கடி சொல்வார்: கை எதைச் செய்யவில்லை என்று எழுதுவதற்கு முன்னால், இத்தனை வருஷம் எதைச் செய்தது என்று கேள். பாவாயம்மா வீட்டில் நான் அதைக் கேட்கவே இல்லை. மறுநாள் போய்க் கேட்டேன். வாங்க என்று யாரும் சொல்லவில்லை, நானாகவே உட்கார்ந்துகொண்டேன்.

“முட்டை பொறுக்குனவதானுங்க” என்றார் பழனியப்பன். “கல்யாணமாயி வந்ததுல இருந்து பண்ணையிலதான். நோவு வர்றதுக்கு மொத நாளு வரைக்கும்.”

“எந்தக் கையால பொறுக்குவாங்க?”

“தட்டு வலது கையில, முட்டை இடது கையில.”

ஒரு முட்டை கொண்டு வரச் சொன்னேன். மருமகள் தயங்கித் தயங்கிக் கொண்டுவந்து கொடுத்தாள். இடது கை கட்டில் சட்டத்தை நெரித்துக்கொண்டிருந்தது. முட்டையை அதன் பக்கத்தில் கொண்டுபோனேன். அப்பளம் மாதிரி நொறுங்கும் என்றுதான் நினைத்தேன். கை சட்டத்தை விட்டது. உள்ளங்கை மேலே திரும்பியது. முட்டையை வாங்கிக்கொண்டது. அத்தனை மென்மையான ஒரு கையை நான் அந்த வீட்டில் அதற்கு முன் பார்க்கவில்லை.

நகம் ஓட்டைத் தட்டியது. டொக், டொக். நின்றது. பிறகு முட்டையை மடியின் வலது பக்கம் கொண்டுபோய் வைத்தது.

“எதுக்கும்மா தட்டறீங்க?”

“நா எங்கீங்க தட்டுனேன்?” என்று குனிந்து பார்த்தார் பாவாயம்மா. அப்புறம் மெதுவாகச் சொன்னார்: “ஓடு விரிசல் உட்டிருக்குதான்னு பாக்கறதுங்க அது. விரிசலுன்னா சத்தம் வேற மாதர இருக்கும்.”

இன்னும் ஐந்தாறு முட்டை வந்தது. ஒவ்வொன்றையும் கை வாங்கியது, தட்டியது, வலது பக்கம் வைத்தது. நாலாவதைத் தட்டிவிட்டு இடது பக்கம், கட்டில் ஓரமாக ஒதுக்கியது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். மயிரிழை மாதிரி ஒரு விரிசல். பாவாயம்மா அப்போது மருமகளைப் பார்த்துக்கொண்டிருந்தார், முட்டையைப் பார்க்கவே இல்லை. மருமகள் கதவை ஒட்டிப் போய் நின்றுகொண்டாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் ஃபைலை எடுத்து, ‘ஒத்துழைப்பு குறைவு’ என்பதற்குப் பக்கத்தில் ‘என்னுடையது’ என்று எழுதினேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

சின்ன மகனிடம் ஆடிப் பதினெட்டு வரைக்கும் அவகாசம் கேட்டேன். அன்றைக்குத்தானே இங்கே எல்லாப் பெண்களும் தாலிக்கயிறு மாற்றுவார்கள்? அதுவரை கழுத்தில் எதுவும் வேண்டாம், தூங்கும்போது அந்தக் கைக்கு மெத்தென்ற துணியைச் சுற்றிவிடுங்கள், கூடவே ஓர் ஆள் இருங்கள் என்றேன். சின்னவன் யோசித்துவிட்டுச் சொன்னான்: “சரிங்க. நோம்பியன்னைக்கு அப்பா கயிறு கட்டட்டும். கை அதப் புடிச்சு இளுத்துச்சுன்னா, அன்னைக்கே நா அப்பாவக் கூட்டிட்டுப் போயிருவேன். அதுக்கப்பறம் நீங்க பேசக் கூடாது.”

ஆறு வாரம். வாரத்துக்கு ஐந்து நாள் போனேன். வேலை ரொம்பச் சின்னது. இடது கைக்கு முட்டையைக் கொடுத்துவிடுவது, அது வேலையாக இருக்கும்போது வலது கையால் குங்குமம் வைப்பது, சோறு பிசைவது, கிழவருக்குத் தண்ணீர் ஊற்றுவது. பாவாயம்மா அந்தக் கையைக் கண்ணால் பார்த்து, “இரு, இப்ப வெக்கறேன்” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். காது வழியாகவாவது அந்தப் பாதிக்குச் சேதி போகட்டுமே! முதலில் நூறு தடவை சொன்னால் ஒரு தடவை கேட்டது. வயதான மூளை பழகும். ஆனால் அதற்குப் புதுத் தடம் வெட்டுவது சிரமம், பழைய தடத்தை ஒட்டிக் கூட்டிப்போனால் கூட வரும். இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள், அதற்கு நல்லது கெட்டது தெரியாது. எதைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறோமோ அதைப் படித்துக்கொள்ளும். அடக்குகிற கையைக் கட்டிவிட்டு, பத்து நாள் நான் அந்தக் கைக்கு முறுக்கத்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

ஆடிப் பதினெட்டும் வந்தது. காலையில் போனால் வாசலில் கிழவரின் துணிப்பை தயாராக இருக்கிறது. சின்னவன் செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றான். பாவாயம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார், இடது கையில் முட்டை. மருமகள் மஞ்சள் பூசிய புதுக்கயிற்றில் தாலியைக் கோத்து மாமனார் கையில் கொடுத்தாள். அவர் எதிரில் முக்காலி போட்டு உட்கார்ந்து, முன்னால் குனிந்து, மனைவியின் கழுத்தைச் சுற்றி இரண்டு கையையும் கொண்டுபோனார். கண் தெரியாதவர், விரலால் தேடித் தேடி முதல் முடிச்சைப் போட்டார்.

இடது கை முட்டையை வைத்தது.

ஆறு வாரம் நான் பழக்கியதெல்லாம் முட்டை கையில் இருக்கும்போது. முட்டை இல்லாத கை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. கை மேலே எழும்பியது. முருகேசன் பாய்ந்து வந்தான். நான் அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“உடுங்க!” என்றான்.

“இரு.”

ஏன் நிறுத்தினாய் என்று கேட்டால் ஒரே ஒரு காரணம்தான் சொல்ல முடியும். அந்தக் கை முட்டையைப் போடவில்லை, வைத்தது. பறிக்கப் போகிற கை கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடும். அதை நம்பி அந்த மனுஷியின் கழுத்தை இரண்டாவது தடவையும் பணயம் வைத்தேன். தப்பாகப் போயிருந்தால் இன்றைக்கு உங்கள் முன்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க மாட்டேன்.

விரல்கள் புதுக்கயிற்றைத் தொட்டன. கயிற்றின் மேலேயே நடந்து கழுத்துக்குப் போயின. பழைய தடம் இருந்த இடத்தில் நின்றன. பாவாயம்மா கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். “ஏனுங்க, சீக்கரம் கட்டுங்க” என்று உதடு மட்டும் அசைந்தது. கிழவர் இரண்டாவது முடிச்சைப் போட்டார். மூன்றாவதையும் போட்டார்.

கை கயிற்றை விட்டது. இன்னும் மேலே போய், குனிந்திருந்த பழனியப்பனின் தலை மேல் நின்றது. ஒரு மயிர் கிடையாது அந்தத் தலையில். நகம் தட்டியது.

டொக், டொக்.

பாவாயம்மாவின் தலை, அவருக்கே தெரியாமல், கேட்பதற்காகக் கொஞ்சம் சாய்ந்தது.

“என்ன புள்ள,” என்றார் பழனியப்பன், குனிந்தபடியே. “ஓடு நல்லாருக்குதா?”

“நா இல்லீங்க” என்றார் பாவாயம்மா. “அதுதான் பாக்குது.”

இன்னொரு தடவை தட்டியது. நாங்கள் எல்லாரும் அந்தக் கையின் முடிவுக்காகக் காத்திருந்தோம். பிறகு உள்ளங்கை விரிந்து அவர் பின்மண்டையைத் தாங்கிப் பிடித்தது. நிதானமாக, உடையாமல் கொண்டுபோகிற மாதிரி, அந்தத் தலையை இழுத்துக்கொண்டு வந்து மடியில் வைத்தது. வலது பக்கம்.

சின்னவன் செருப்பைக் கழற்றினான். வாசலில் இருந்த துணிப்பையை எடுத்து உள்ளே கொண்டுபோய், அப்பாவின் கட்டிலுக்கடியில் வைத்தான்.